ஏழாவது விதியை எடுத்துவிடுங்கள்: ஒரு சிறுகதைப் பரிசின் தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

தேர்வுக் குழுவினருக்கு,

இந்த ஆண்டுச் சிறுகதைப் பரிசுக்கான உங்கள் அறிவிப்பில் ஏழாவது விதி புதிதாக முளைத்திருக்கிறது. முகநூல், ட்விட்டர், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் போன்றவற்றில் முழுதாகவோ பகுதியாகவோ வந்த எழுத்தைப் பரிசீலிக்க மாட்டோம் என்கிறது அது. அதற்கு நேர் மேலே இருக்கும் ஆறாவது விதி, கடந்த ஒரு வருடத்துக்குள் அச்சிதழ்களில் வந்த கதைகளைத் தாராளமாக அனுப்பலாம் என்கிறது. ஆக, ஒரு கதை ஏற்கெனவே வெளியாகியிருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை கிடையாது. அது கைப்பேசியில் வெளியாகியிருந்தால் மட்டும் ஆட்சேபணை.

காரணம் கேட்டு உங்கள் அலுவலகத்துக்குப் பேசினேன். எடுத்தவர் பொறுமையாகவே பதில் சொன்னார். அங்கே எழுதுவதெல்லாம் துணுக்கு, அதைக் கதை என்று குழு கருதவில்லை என்றார். அப்புறம் எனக்கு உதவி செய்வதாக நினைத்து ஒரு வழியும் காட்டினார். அங்கே போட்டதை அழித்துவிடுங்கள் மேடம், கொஞ்சம் விரித்து ஏ4 தாளில் டைப் பண்ணி அனுப்புங்கள், யாரும் கேட்கப் போவதில்லை என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. விதியை எழுதியவர்கள் மேல் இருக்கிறது. எழுதியதை அழித்துவிட்டு வா என்று ஓர் இலக்கியப் பரிசின் அலுவலகம் எழுதுகிறவரிடம் சொல்லும் நிலை வந்திருக்கிறது. இந்த விதி அங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களில் ஒருவராவது யோசித்தீர்களா?

எதை அழிக்கச் சொல்கிறீர்கள் என்று காட்டுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ட்விட்டரில் ஒரு கதை எழுதினேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கும் ஒரு மகள் போடும் கீச்சுகள், அதாவது ட்வீட்டுகள், அவ்வளவுதான் கதை. இரவு 10.42க்கு முதல் கீச்சு. இது கதை என்ற அறிவிப்பு, கூடவே, அட்டெண்டர் பாஸ் ஒன்றுதான் தருவார்களாம், அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டான் என்று ஒரு வரி. 11.15க்கு மருந்துச் சீட்டோடு கீழே பார்மசிக்கு ஓடுகிறாள். 11.50க்குப் பக்கத்து நாற்காலி அம்மா முறுக்கு நீட்டுகிறார். 12.38க்கு, செருப்பை வெளியே விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள், உள்ளே போகிறேன் என்கிறாள். அதோடு நின்றுவிடும். ஒரு மணி ஆகிறது, ஒன்றரை ஆகிறது, இரண்டு ஆகிறது, சத்தமே இல்லை. 3.20க்கு ஒரே ஒரு வரி வரும்: செருப்பைக் காணவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்று கதை எங்கேயும் சொல்லாது. 12.38க்கும் 3.20க்கும் நடுவில் கிடக்கும் நேரம்தான் சொல்லும். அந்த நேரம் நிஜ நேரம். நானும் விழித்திருந்தேன், தொடர்ந்து படித்தவர்களில் கொஞ்சம் பேரும் விழித்திருந்தார்கள், திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டபடி.

ஒரு மணி வாக்கில் முன்பின் தெரியாத ஒருவர், எந்த குரூப் ரத்தம் வேண்டும், நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், வண்டி இருக்கிறது என்று கேட்டிருந்தார். முதல் கீச்சில் கதை என்று போட்டிருந்தாலும், நடுவிலிருக்கும் ஒன்றை யாராவது பகிர்ந்தால் அதைப் படிப்பவர் கண்ணில் முதல் கீச்சு படாது. அவருக்குத் தனிச்செய்தியில் விஷயத்தைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "சரி மேடம், ஆனா என்னாச்சுன்னு சொல்லாம விட்டுடாதீங்க" என்று பதில் வந்தது. கதைக்கும் நிஜத்துக்கும் நடுவில் கோட்டை எங்கே போடுவது, யார் போடுவது என்ற கேள்வி அச்சில் எழுதுகிறவருக்குப் புத்தகம் வந்தபின் யாராவது வழக்குப் போட்டால்தான் வரும். இங்கே கதை நடந்துகொண்டிருக்கும்போதே நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டுகிறது. விமர்சகர்கள் உட்கார்ந்து பேச வேண்டிய இடம் இது. துணுக்கு என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள்.

ஒரு சிற்றிதழ் நண்பர் அந்தக் கதையை அச்சிடக் கேட்டார். தட்டச்சு செய்து பார்த்தோம். 12.38 வரிக்கு அடியிலேயே 3.20 வரி. கண் அரை நொடியில் இறங்கிவிடுகிறது. நடுவில் நட்சத்திரக் குறி போட்டுப் பார்த்தோம். அரைப் பக்கத்தை வெற்றாக விட்டுப் பார்த்தோம். இடம் வீணாகிறதே, இங்கே விளம்பரம் ஏதாவது வைத்துக்கொள்ளலாமா என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். உங்கள் அலுவலகம் சொன்னதுபோல் விரித்து எழுதுவதாக இருந்தால், உள்ளே நடந்ததை நான் எழுதியாக வேண்டும். அதை எழுதாமல் சொல்ல முடியுமா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தக் கதையையே எழுதினேன்.

எனக்குத் தெரிந்த இன்னொருவர் செய்தது இதைவிட நுட்பமானது. ஒரு கல்யாண வீட்டு வாட்ஸாப் குழுவின் ஸ்கிரீன்ஷாட்டுகளாகவே ஒரு கதை. இன்ஸ்டாகிராமில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். பந்தியில் எந்தப் பாயசம் என்று சண்டை, புடவை நிறம், காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, யாரோ தப்பாக இந்தக் குழுவில் போட்ட கேஸ் புக்கிங் எண். நடுவே பெண்ணின் சித்தி ராத்திரி ஏதோ எழுதுகிறார், எழுதியதை அழித்துவிடுகிறார். இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்ற சாம்பல் வரி மட்டும் நிற்கிறது. அடுத்த படத்தில் பெரியப்பா குழுவிலிருந்து வெளியேறினார் என்று வருகிறது. அதற்கடுத்த படத்தில், வாழைமரம் யார் கொண்டுவருவது என்று ஒரு அத்தான் கேட்கிறார். ஐந்தாறு பேர் அதற்கு மும்முரமாகப் பதில் சொல்கிறார்கள்.

சித்தி என்ன எழுதினார்? தெரியாது. ஆனால் அந்த வீட்டில் அதைப் படித்தவர்கள் யார், படிக்காதவர்கள் யார் என்பது, அதன்பின் யார் வாழைமரத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் பேசவில்லை என்பதிலேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு படத்தின் மேல் ஓரத்திலும் பேட்டரி சதவீதம் இறங்கிக்கொண்டே போகும். யாருடைய போனில் நாம் இதைப் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பது கடைசிப் படத்தில்தான் புரியும். அனுப்பியதை எல்லோரிடமிருந்தும் அழிக்கும் வசதி வாட்ஸாப்பில் வந்தது 2017 கடைசியில். குழுவை விட்டு ஒருவர் போனால் எல்லோருக்கும் அறிவிப்பு வருவது 2022ல் நின்றுபோனது, அதன்பின் அந்த அறிவிப்பு அட்மினுக்கு மட்டும்தான். ஆக, அந்த போனின் சொந்தக்காரர் அட்மின் இல்லாதவரை, அந்தக் குடும்பச் சண்டை அந்த ஐந்து வருடத்துக்குள் மட்டுமே நடக்க முடியும். இதை எழுதியவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். தந்தி வந்தாலே அழுத காலத்தை ஒரு நாவலில் படித்தால் ஆஹா, காலத்தின் பதிவு என்கிறீர்கள். இதை மட்டும் கதை இல்லை என்றால் எப்படி?

மொழி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடப் பரிசளிப்பு விழாவில் உங்களில் ஒருவர், சமூக ஊடகத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒற்று எங்கே மிகும் என்பதே தெரியவில்லை என்று சொன்னார், அரங்கமும் சிரித்தது. நானும் அந்த அரங்கில் இருந்தேன். நிறைய பேருக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் ட்விட்டரில் எழுதிப் பழகியவர்களிடம் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 நவம்பர் வரை ஒரு கீச்சுக்கு 140 இடம், அதன்பின் 280. அந்த இடத்தைக் கணிப்பொறி எப்படி எண்ணுகிறது தெரியுமா? நமக்குக் கி என்பது ஓர் எழுத்து. அதற்கு அது இரண்டு. ககரம் தனி, அதன் மேல் வளையும் விசிறி தனி. க் என்றாலும் இரண்டுதான், புள்ளிக்குத் தனிக் கணக்கு. எழுத்து என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள், நமக்கு நான்கு, அதற்கு ஏழு. ஆங்கிலத்தில் 140 என்றால் 140. தமிழில் எண்பது, தொண்ணூறு எழுத்துத் தேறினால் அதிகம்.

இந்த நெருக்கடியில் எழுதினோம். ஒற்றைத் தள்ளினால் இரண்டு இடம் மிச்சம். சொற்களைச் சேர்த்து எழுதினால் இடைவெளி மிச்சம். வந்துகொண்டிருக்கிறான் என்பதை வருகிறான் ஆக்கினோம், அப்புறம் வினைமுற்றையே விட்டோம். எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்பது தமிழுக்குப் பழக்கம்தான். பயனிலையும் இல்லாமல் எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தோம். ஆகவே, எனவே, ஆனால், இருப்பினும் எல்லாம் உதிர்ந்தன. பத்து வருடம் இப்படி எழுதியவர்களின் உரைநடையைப் பாருங்கள், புத்தகமாக எழுதும்போதும் அவர்களிடம் சதை குறைவாக இருக்கும். சிலரிடம் அது வறட்சி ஆகிவிட்டது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு தலைமுறையின் வாக்கியத்தை ஒரு பெட்டியின் அளவு மாற்றியிருக்கிறது. இதைக் கவனிப்பது உங்களைப் போன்ற குழுக்களின் வேலை இல்லையா?

பெட்டிக்குள் எழுதுவது நமக்குப் புதிதும் இல்லை. தேரின் வடிவத்தில் கட்டம் போட்டு அதற்குள் எழுத்தை நிரப்பும் ரதபந்தம், பின்னிக்கிடக்கும் பாம்புகளின் உடம்புக்குள் பாட்டை ஓடவிடும் நாகபந்தம் எல்லாம் சித்திரகவியில் உண்டு. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் மாலைமாற்றில் ஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அவரைத் துணுக்கு எழுதினார் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

வெளியே இதை எப்படி நடத்தினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அமெரிக்க எழுத்தாளர் ஜெனிஃபர் ஈகன் 2011ல் புலிட்சர் பரிசு வாங்கியவர். மறு ஆண்டு மே மாதம் அவருடைய பிளாக் பாக்ஸ் கதையை நியூ யார்க்கர் இதழ் முதலில் ட்விட்டரில்தான் வெளியிட்டது, பத்து நாள், ஒவ்வொரு நாளும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை. ஒரு பக்கத்துக்கு எட்டுக் கட்டங்கள் அச்சிட்ட ஜப்பானிய நோட்டில் அதைக் கையால் எழுதினாராம். அதே கதை இதழிலும் வந்தது, 2022ல் வந்த அவருடைய நாவலில் ஓர் அத்தியாயமும் ஆனது. ஏற்கெனவே ட்விட்டரில் வந்துவிட்டதே என்று யாரும் கதவைச் சாத்தவில்லை.

நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் டேஜு கோல் 2014 ஜனவரியில் ட்விட்டரில் செய்தது எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஒரு தெருவில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிடுகிறார், போகிறவர்கள் வருகிறவர்கள் கூடுகிறார்கள். கதை இவ்வளவுதான். ஆனால் அதன் வரிகளை அவர் எழுதி, வேறு வேறு ஆட்களிடம் கொடுத்து, அவரவர் கணக்கிலிருந்து போடச் சொன்னார். பிறகு அவற்றை வரிசையாக ரீட்வீட் செய்தார். அவருடைய பக்கத்தில் போய்ப் படித்தால் முழுக்கதை. அந்த வரிகளில் ஒன்றை மட்டும் தன் நண்பரின் பக்கத்தில் பார்த்தவருக்கு, யாரோ எதையோ பார்த்துவிட்டுப் போகிற போக்கில் சொன்ன ஒரு வாக்கியம். கூட்டத்தைப் பற்றிய கதையை ஒரு கூட்டமே சொல்கிறது. இதைத் தாளில் அடித்து அனுப்பு என்றால் எதை அனுப்புவார்?

ஜப்பானில் இதற்கும் முன்பே கைப்பேசி நாவல்கள் வந்துவிட்டன. 2007ல் அங்கே அதிகம் விற்ற பத்து நாவல்களில் ஐந்து, கைப்பேசியில் பிறந்தவை. அவற்றில் பெரும்பாலானவை சினிமாத்தனமான காதல் கதைகள் என்பது வேறு விஷயம்.

நம் ஊருக்கே வருவோம். வாராவாரம் கல்கியில் தொடராக வந்து, ஊரெல்லாம் படித்து முடித்த அலை ஓசைக்குத்தான் 1956ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சி.சு. செல்லப்பா 1959ல் எழுத்து இதழைத் தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்தபோது, யாப்பு இல்லாததைக் கவிதை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. சிற்றிதழ் மரபின் வாரிசுகள் என்று ஒவ்வொரு விழாவிலும் மேடையில் சொல்லிக்கொள்கிறீர்கள். சில நூறு பிரதி அடித்து, தபால்தலை ஒட்டக் காசில்லாமல் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களின் வாரிசுகள், வெளியீட்டாளர் தயவில்லாமல் எழுதுகிறவர்களை வாசலில் நிறுத்துவது எனக்கு விளங்கவில்லை.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் யோசிக்காமல் இல்லை. அங்கே குப்பை அதிகம். காலையில் போட்ட நாலு வரிக்கு மதியத்துக்குள் எத்தனை லைக் என்று எண்ணிக்கொண்டே அடுத்ததை எழுதுகிறவர்கள் உண்டு. எந்த வரிக்கு இதயம் விழுந்ததோ அதே வரியை வருடம் முழுக்கத் திருப்பி எழுதுகிறவர்கள் உண்டு. மேலும் காண்க என்ற பொத்தானுக்கு முன்னால் வரும் முதல் மூன்று வரியில் எதையாவது கொளுத்திப் போட வேண்டும் என்று, கதையின் முடிவைத் தூக்கித் தொடக்கத்தில் வைப்பதும் நடக்கிறது. யார் கண்ணில் எது படவேண்டும் என்று அல்காரிதம் முடிவு செய்கிறது, அதற்கு ரசனை கிடையாது. நண்பர்கள் வளையம் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் புகழ்வதும் உண்டு, அது சிற்றிதழில் இல்லாத வியாதியா என்ன? குப்பையிலிருந்து நல்லதைப் பொறுக்கி எடுப்பதற்குத்தான் தேர்வுக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். குப்பை இருப்பதால் அந்தப் பக்கமே போகமாட்டோம் என்றால், உங்களுக்கு வரும் அச்சுக் கதைகளையும் நீங்கள் படிக்க வழியில்லை.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். உங்கள் குழுவில் இருவர் தங்கள் கவிதைகளை முதலில் முகநூலில் போட்டு, வரும் கமெண்டுகளைப் பார்த்துத் திருத்தி, பிறகு தொகுப்பாகக் கொண்டுவருகிறவர்கள். யாரென்று சொல்லப் போவதில்லை, வாசகர்களுக்கே தெரியும். அது நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன். அவர்களுக்குப் பட்டறையாக இருப்பது எங்களுக்கு மட்டும் எப்படித் தீட்டானது?

அச்சில் வந்தால் நிற்கும், அங்கே போட்டால் காற்றோடு போய்விடும் என்றும் உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். இந்த ஒரு வாதத்தில் உண்மை இருக்கிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு அவசரம். கீச்சுகளைக் கோத்து ஒரே பக்கமாக வைக்க உதவிய ஸ்டோரிஃபை 2018 மே மாதம் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. அதில் எழுதிய தமிழர்கள் கொஞ்சநஞ்சம் பேர் அல்ல, சேமித்து வைக்காதவர்களின் எழுத்து அதோடு சரி. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, அதில் ஒரு நிமிடத்துக்குள் கதை சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்த கிராமத்துப் பிள்ளைகளின் வேலையும் ஒரே இரவில் கண்ணிலிருந்து மறைந்தது. பொதுக் கீச்சுகளை எல்லாம் சேமிப்பது என்று 2010ல் இறங்கிய அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே, 2018லிருந்து தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் எடுத்து வைப்பது என்று மாறிவிட்டது. அங்கே தேர்ந்தெடுப்பவர்கள் நம் ஊர் ஐசியூ வாசலையோ வாழைமரத்தையோ தேடி வரப்போவதில்லை.

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் தூக்கிப் போட்டதை எல்லாம் சேர்த்து வைத்தார். புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ் என்று எதையும் விடவில்லை. அவர் காலத்துப் பெரிய மனிதர்கள் அதில் பாதியைக் குப்பை என்றிருப்பார்கள். இன்று சென்னையில் அவர் பெயரில் இருக்கும் ஆராய்ச்சி நூலகத்துக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து அந்த நோட்டீஸைத்தான் புரட்டுகிறார்கள். எதைச் சேமிப்பது என்று முடிவு செய்கிற கை பரிசுக் குழுவிடமும் இருக்கிறது. நீங்கள் பரிசீலித்தாலே ஒரு பிரதி உங்கள் அலமாரியில் தங்கும். நீங்கள் அழித்துவிட்டு அனுப்பச் சொல்கிறீர்கள்.

இனி என் கோரிக்கைகள்.

ஏழாவது விதியை இந்த ஆண்டு அறிவிப்பிலேயே நீக்குங்கள், அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம். ஆறாவது விதியில் அச்சிதழ்களுக்குக் கொடுத்திருக்கும் அதே சலுகை, அதே ஒரு வருடக் கால வரம்போடு, சமூக ஊடகத்தில் வந்த கதைகளுக்கும் வேண்டும். திருட்டுக்கும் போலிக் கணக்குக்கும் பயந்து இந்த விதியைக் கொண்டுவந்திருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதலில் பதிவிட்ட தேதியையும் நேரத்தையும் காட்டச் சொல்லிக் கேட்கலாம், அச்சுப் பிரதியைவிட அது எளிதாகச் சரிபார்க்கக் கூடியது.

அனுப்பும் வடிவத்தைத் தளர்த்துங்கள். கீச்சுத் தொடராக எழுதிய கதையை இணைப்பாகவும், நேர முத்திரையோடு சேமித்த பிரதியாகவும் அனுப்ப அனுமதியுங்கள். ஸ்கிரீன்ஷாட் கதையை வரிசை எண் போட்ட படங்களாக வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது ஆயிரத்து ஐந்நூறு சொல் இருக்க வேண்டும் என்ற நான்காவது விதி இவற்றுக்குப் பொருந்தாது என்று ஒரு வரி சேருங்கள். நடுவர்கள் இவற்றைப் போனில், அது வந்த விதத்திலேயே படிக்க வேண்டும். உதவியாளரை விட்டு அச்செடுத்துக் கோப்பில் வைத்துப் படித்தால் நான் சொன்னதெல்லாம் வீண்.

குழுவில் ஓர் இடத்தையாவது இந்த எழுத்தைப் பல வருடம் தொடர்ந்து படித்து வரும் ஒருவருக்குக் கொடுங்கள். எழுதுகிறவராக இருக்க வேண்டியதில்லை, படிக்கிறவர் போதும். இறுதிச் சுற்றுக்கு வரும் இத்தகைய கதைகளின் பிரதியை, எழுதியவரின் சம்மதத்தோடு, உங்கள் அறக்கட்டளையின் நூலகத்தில் நிரந்தரமாக வையுங்கள். தளம் மூடினாலும் அது இருக்க வேண்டும்.

உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களிடம், பதிவை அழித்துவிட்டு அனுப்புங்கள் என்று இனி யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே அப்படிக் கேட்டு அழித்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் கதைகளைத் திரும்ப அனுப்ப இந்த ஆண்டின் கடைசித் தேதியை ஒரு மாதமாவது தள்ளி வையுங்கள்.

விதியை வைத்துக்கொள்வதுதான் முடிவு என்றால், காரணத்தை எழுத்தில், குழுவினர் எல்லோரும் கையெழுத்திட்டுத் தாருங்கள். தொலைபேசியில் கேட்ட விளக்கம் எனக்குப் போதவில்லை. பதிலை உங்கள் முகநூல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், இந்த அறிவிப்பை ஏழாவது விதியோடு நீங்கள் வெளியிட்டதும் அங்கேதான்.

இப்படிக்கு,
இந்த ஆண்டு கதை அனுப்ப முடியாத ஒரு கீச்சர்